வீட்டுக்காரம்மாவின் மூக்கு

தேனி அல்லிநகரத்தில் வீடு பார்க்கப் போன அன்று அந்த அம்மா என் பெயரைக் கேட்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே நின்று, ஆள்காட்டி விரலின் முட்டியை மூக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு என் பக்கமாக ஒரு மூச்சு இழுத்தார். பிறகு என் கணவர் பக்கமாக ஒன்று. கடைசியாக, என் இடுப்பில் இருந்த மகளின் தலைமேல் ஒன்று. யாழினிக்கு அப்போது நாலு வயது.

"பிள்ளைக்கு வெளக்கெண்ணெ தேச்சிருக்க. பஸ்ஸுல வாந்தி எடுத்தாளாத்தா?"

எடுத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வாயைக் கழுவி, கவுனை மாற்றி, பவுடர் போட்டுத்தான் கூட்டி வந்திருந்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அதுக்கென்ன, பிள்ளைகன்னா எடுக்கத்தேன் செய்யும்" என்றவர், என் கணவரிடம் எந்த ஊர், யார் வீடு, குலசாமி எது என்று வரிசையாகக் கேட்டார். பதில் வர வர முகம் மலர்ந்தது. "அப்ப நம்ம ஆளுகதேன். என்னைய அத்தைன்னே கூப்புடு ஆத்தா" என்று சாவியை என் கையில் வைத்தார்.

மாடி ஏறும்போது என் கணவர், "மூக்கால பாத்தது பத்தாதுன்னு வாயாலயும் கேட்டுக்கிட்டாக பாத்தியா" என்றார். நானும் சிரித்தேன். வாடகை தோது, பள்ளிக்கூடம் பக்கம், தண்ணீர்க் கஷ்டம் இல்லை. சிரிக்காமல் என்ன செய்வது?

அந்த மாதிரி ஒரு மூக்கை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. பால் பாக்கெட்டை வெட்டுவதற்கு முன்பே முகர்ந்துவிட்டு, "இது திரியும், திருப்பிக் குடு" என்பார். குழம்பை ருசி பார்க்கவே மாட்டார். கொதிக்கும்போது குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுத்து, "உப்பு ஒரு கல்லு பத்தல" என்பார். பத்தாமல்தான் இருக்கும். காலையில் கேட்டைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். மேற்கே மலையில் மழை பெய்திருந்தால் நமக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

அவர் கணவரை நான் மாமா என்று கூப்பிட்டேன். அதிகம் பேசாத மனிதர். காமயகவுண்டன்பட்டியில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. வாரம் மூன்று நாள் போய் வருவார். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டதும் அந்த அம்மா முகர்ந்து பார்த்து, இன்ன மருந்து அடித்திருக்கிறீர்கள், முகத்தில் துணி கட்டாமல் நின்றிருக்கிறீர்கள் என்று சண்டைக்குப் போவார். மாமா மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் 'நாத்தம்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் அவருக்குக் கோபம் வரும். "நாத்தமாம் நாத்தம். எண்ணெ கெட்டா சிக்கு வாடை. சோறு கெட்டா ஊசல். முட்டை கவிச்சி, ஆட்டுக்கு மொச்சை. அம்புட்டுக்கும் பேர் இருக்குல்ல? பேர் தெரியாமப் பேசக்கூடாது." மல்லிகைப் பூவைச் சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் காலையில் வாடியபிறகு ஒரு தடவை என் மூக்கருகே நீட்டி, "ரெண்டும் ஒண்ணா சொல்லு" என்பார். வாடிய பூவில் லேசாக ஒரு தேயிலை வாசம் இருந்தது. முப்பது வருடமாகத் தலையில் வைத்த பூ. எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரு தடவை என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். கம்பம் போய், அங்கிருந்து டவுன் பஸ். திராட்சை பூக்கும் என்பதே எனக்குத் தெரியாது. பந்தலுக்கு அடியில் குனிந்து போய் அண்ணாந்து பார்த்தால், பச்சைக் கொத்துகளில் தூசி ஒட்டியது மாதிரி இருந்தது. "அதுதேன் பூ. மூச்ச வேகமா இழுக்காத. சும்மா நில்லு, அதுவா வரும்" என்றார். நின்றேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு எங்கிருந்தோ, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, ஒரு இனிப்பு வந்து போனது. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துச்சுல்ல?" என்றார். அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் அவரை நேசித்தேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயம் இல்லை.

கொல்லையை ஒட்டியிருந்த பின்கட்டு வீட்டுக்குக் கவிதா குடிவந்தது அந்த அம்மா ஊரில் இல்லாத நாலு நாளில். உறவில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். மாமா வாக்குக் கொடுத்துவிட்டார். கவிதா ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவள் கணவன் டைல்ஸ் ஒட்டும் வேலை. சின்ன வயதுக்காரர்கள், பிள்ளை இல்லை. ஊரிலிருந்து திரும்பிய அந்த அம்மா, கவிதாவிடமும் எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்டார். கவிதா மறைக்காமல் சொன்னாள். அவள் சொன்ன ஊர்ப் பகுதியிலேயே சாதி தெரிந்துவிட்டது. அந்த அம்மா உள்ளே போனார். மாமாவுடன் இரண்டு நாள் பேசவில்லை.

ஆனாலும் போகச் சொல்லவில்லை. மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. கவிதா வாரம் ஒரு தடவை வந்து பிரஷர் பார்த்துச் சொல்வாள். வாசல்படியில் நாற்காலி போட்டு மாமா உட்கார்ந்திருப்பார், அவள் நின்றுகொண்டே பார்ப்பாள். அவள் போனதும் அந்த அம்மா சாம்பிராணி போடுவார். "ஆஸ்பத்திரி டெட்டால் வாடை தலைய வலிக்குது" என்பார். அவ்வளவு நுட்பமான மூக்குக்கு வலிக்கத்தானே செய்யும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் அவருடைய அண்ணன் ஆபரேஷன் முடிந்து, காலில் கட்டோடு, அதே டெட்டால் வாடையோடு வந்து கூடத்தில் ஒரு வாரம் படுத்திருந்தார். அந்த வாரம் முழுக்க அந்த அம்மா சாம்பிராணி போடவில்லை. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, கவனிக்காதது மாதிரி இருந்துகொண்டேன்.

யாழினிக்கு ஆறு வயது முடிந்த கோடையில் அவள் மெலிந்துபோனாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். விட்டுப்போயிருந்த பழக்கம் திரும்பி, படுக்கையை நனைத்தாள். வெயிலுக்குத் தாகம், வயிற்றில் பூச்சி என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு பூச்சி மருந்து கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படிக்கட்டில் சோர்ந்து உட்கார்ந்திருந்தவளைத் தாண்டிப்போன அந்த அம்மா நின்றார். திரும்பி வந்தார். குனிந்து, அவள் வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்தார்.

"ஏ ஆத்தா! இங்கன வா!"

அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. ஓடினேன்.

"பிள்ளை என்ன தின்னா?"

"ஒண்ணும் திங்கல அத்தை. காலைல இருந்து வாந்தி."

"வாயில பழம் அழுகுன வாடை அடிக்குது. கழிச்ச திராட்சையக் கூடையோட போட்டு வச்சா வருமே, அந்த வாடை. எங்க அண்ணன் மகன் சாகயில அவன் வாயில இதேதேன் அடிச்சுச்சு. நான் சொன்னேன், ஒருத்தரும் கேக்கல. ஏத்தா, நீயாவது கேளு!"

நான் குனிந்து முகர்ந்தேன். எனக்கு வெறும் வாந்தி வாடைதான் தெரிந்தது. கூச்சல் கேட்டுப் பின்கட்டிலிருந்து கவிதா வந்தாள். "பழ வாடை" என்ற சொல் காதில் விழுந்ததும் வந்த வேகத்தில் திரும்பி ஓடி, சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து வந்தாள். யாழினியின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தாள். மெஷினில் எண்ணே வரவில்லை. அளவுக்கு மேலே போய்விட்டது என்று காட்டும் ஆங்கில எழுத்து இரண்டு மட்டும் வந்தது.

"அக்கா, கெளம்புங்க. துணியெல்லாம் மாத்த வேணாம், இப்படியே."

ஆட்டோவில் கவிதா யாழினியை மடியில் போட்டு, தூங்கவிடாமல் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். அந்த அம்மா செருப்புப் போடாமல் ஆட்டோ பின்னாலேயே தெருமுனை வரை வந்தார். இன்னும் அரை நாள் விட்டிருந்தால் பிள்ளை மயக்கத்துக்குப் போயிருக்கும், அப்புறம் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கும் வருகிற சர்க்கரை நோய் இது, பிறவியிலேயே இருந்ததில்லை, யாருடைய தப்பும் இல்லை, இனி ஆயுசுக்கும் இன்சுலின் போடவேண்டும் என்றார்.

வீடு திரும்பியபின் ஊசியைக் கையில் எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. கவிதா ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்து எனக்குக் குத்தக் கற்றுக்கொடுத்தாள். அப்போதும் எனக்குத் துணிவு வராமல், பல வாரம் வேலைக்குப் போகும் முன்பும் வந்தபின்பும் அவளே மாடிக்கு வந்து போட்டாள். "எறும்பு கடிக்கும், அம்புட்டுதேன். எண்ணு பாப்போம்" என்பாள். யாழினி மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.

அந்த அம்மா தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் யாழினி அவர் முன்னால் நின்று வாயைத் திறந்து ஊதவேண்டும். அவர் கண்ணை மூடி முகர்வார். "நல்லாருக்கு, போத்தா" என்றால்தான் அவள் கேட்டைத் தாண்டலாம். மெஷின் இருந்தது, நான் பார்த்துக்கொண்டும் இருந்தேன். இருந்தாலும் அவர் "நல்லாருக்கு" என்று சொல்லும்வரை எனக்கு மூச்சு வராது. ஒரு மூக்கும் ஒரு நர்ஸும் சேர்ந்து என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த வருடம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது நடந்தது.

என் கணவர் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கம்பெனியில் இருந்தார். ஏலத்தோட்டங்களுக்காக அடிக்கடி குமுளி போவார். போனால் அங்கே பரோட்டாவும் தேங்காய்ச் சில்லு போட்டு வறுத்த மாட்டுக்கறியும் சாப்பிடுவார். எனக்குத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று எங்களுக்குள் பேச்சு. அன்று மலையில் மழை பிடித்துக்கொள்ளும் என்று உட்கார்ந்து சாப்பிடாமல் பார்சல் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆறிப்போயிருந்தது. நான் சட்டியில் போட்டுச் சூடு பண்ணினேன். மிளகும் கருவேப்பிலையும் தேங்காயும் சேர்ந்து அடுப்படி கமகமத்தது. நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது கீழே கொல்லைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். அந்த அம்மா வந்து சரியாக எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்றார். விரல் முட்டி மூக்கடியில் இருந்தது. கண்ணை மூடி முகத்தை மேலே தூக்கி மூச்சை இழுத்தார். பிறகு கண்ணைத் திறந்தார். நேராக நடந்து போய்ப் பின்கட்டுக் கதவைத் தட்டினார்.

கவிதா ஈரக்கையோடு வந்தாள்.

"என்னத்தப் பொங்குற? தெரு பூராம் நாறுது."

'நாத்தம்' என்று சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

"புளிக்கொழம்பும் அப்பளமும்மா. ஏன்?"

"மாட்டுக்கறி ஆக்குற வாடை எனக்குத் தெரியாதா? இந்த வீட்டுக்குள்ள இதெல்லாம் வச்சுக்கக்கூடாதுன்னு தெரியாது?"

"எங்க வீட்டுல இல்லம்மா. வந்து சட்டியத் தொறந்து பாருங்க."

"ஒன் அடுப்படிக்கு நான் எதுக்கு வரணும்? எம் மூக்கு போதாது?"

"மூக்கு சொல்லிட்டா சட்டியில இருக்கது மாறிருமாம்மா?"

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே இரண்டு தலைகள் தெரிந்தன. அந்த அம்மாவின் குரல் அவர்களுக்கும் கேட்கும்படி உயர்ந்தது. "எதுத்துப் பேசாத. வந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும், எந் தப்பு. மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கங்க."

என் கணவர் பின்னாலிருந்து மெதுவாக, "நீ வாயத் தொறக்காத. பிள்ளைய வச்சுக்கிட்டு நாம எங்கன போறது?" என்றார். அவர் சொன்னதால்தான் நான் பேசவில்லை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் ஜன்னலைச் சாத்தியிருந்தேன். மிச்சத்தைப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டு, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மாதம் முடிவதற்குள் அவர்கள் காலி செய்தார்கள். ஒரு குட்டியானை வண்டியில் எல்லாச் சாமானும் அடங்கிவிட்டது. போகும் முன் கவிதா மாடிக்கு வந்தாள். காய்ச்சல் வந்தால் எவ்வளவு ஊசி, சாப்பிடாமல் இருந்தால் எவ்வளவு, சர்க்கரை இறங்கினால் என்ன கொடுக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். அதைக் கொடுத்துவிட்டு யாழினியைக் கொஞ்சினாள். என்னிடம் "வாரேங்க்கா" என்று மட்டும் சொன்னாள். நான் அவளுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருந்தேன். அதைக் கொடுக்கும் தைரியம்கூட எனக்கு வரவில்லை.

அந்த அம்மாவின் மூக்கு அன்று ஒரு தடவை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மழைக்காற்று, கொல்லைச் சந்து, வாடை சுற்றிக்கொண்டு போயிருக்கும். யாருக்கும் ஒரு தடவை தவறாதா? அப்படி நினைப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. அவரும் கெட்டவர் இல்லை, நானும் பயந்தவள் மட்டும்தான்.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் கொல்லையில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு காம்பையும் அவர் முகர்ந்து முகர்ந்து போட்டார். சும்மா கேட்பது மாதிரி கேட்டார்.

"மாப்ள இன்னும் குமுளிப் பக்கம் போறாகளா?"

"போறாக அத்தை."

"போகட்டும். திங்கிறத அங்கனயே தின்னுட்டு வரச் சொல்லு. வீட்டுக்குக் கொண்டாரவேணாம்."

கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தேன்.

"அப்ப... அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியுமா?"

"எந்த அடுப்புல இருந்து வருதுன்னு தெரியாம இருக்க எனக்கென்ன சளியா பிடிச்சிருக்கு?"

"அப்பறம் எதுக்கு அத்தை கவிதாவப் போகச் சொன்னீக?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நான் கேட்டது அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"ஒங்களப் போய் எப்படிச் சொல்லுவேன்? நம்ம பிள்ளைகள்ல? அவள எப்படி அனுப்புறதுன்னு நானும் ரெண்டு வருசமா பாத்துக்கிட்டிருந்தேன். அன்னைக்கு அது தோதா வந்துச்சு."

சொல்லிவிட்டு அடுத்த காம்பை எடுத்து முகர்ந்தார். "இது நேத்துப் பறிச்சது. கடைக்காரன் கலந்துட்டான்" என்று தனியாக ஒதுக்கி வைத்தார்.

அன்று இரவே வீட்டை மாற்றிவிட்டோம், சண்டை போட்டேன் என்றெல்லாம் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டில் இன்னும் மூன்று வருடம் இருந்தோம். அத்தை என்றுதான் கூப்பிட்டேன். தீபாவளிக்குக் காலில் விழுந்தேன். தினமும் காலையில் என் மகள் அவர் முன்னால் நின்று ஊதினாள், அவர் "நல்லாருக்கு" என்றார், நான் மூச்சு விட்டேன். அந்த மூக்கு எனக்கு வேண்டியிருந்தது. அது என்ன செய்யும் என்று தெரிந்தபின்பும் வேண்டியிருந்தது. கணவருக்கு மதுரைக்கு மாற்றல் வந்ததால்தான் வீட்டைவிட்டு வந்தோம். அதன்பிறகும் வாரம் தவறாமல் போன் செய்து, "பிள்ளை வாய் எப்படி இருக்கு?" என்று கேட்பார். போன தை மாதம் காலமானார். யாழினி அழுத அழுகைக்கு என்னால் அவளைத் தேற்ற முடியவில்லை.

இந்த வருடம் மறுபடி தேனிக்கே வந்துவிட்டோம். சென்ற மாதம் யாழினிக்குச் சர்க்கரை அளவு பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனோம். ரத்தம் எடுக்க வந்தவள் கவிதா. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். எனக்கு முன்னால் அவள்தான் அடையாளம் கண்டுகொண்டாள். "யாழினியா இது! எம்புட்டு ஒசரம்!" என்று கன்னத்தைத் தொட்டாள். யாழினிக்கு அவளைத் தெரியவில்லை.

பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, யாழினியை வெளியே உட்காரவைத்துவிட்டு, குழாயில் பெயர் ஒட்டிக்கொண்டே கேட்டாள். "அந்தம்மா நல்லாருக்காகளா?"

"தையில தவறிட்டாக."

"அவுக மூக்கு மட்டும் இல்லேன்னா யாழினி இல்லக்கா. அதையும் சொல்லணும்ல" என்றாள்.

அப்போதும் அவள்தான் நியாயமாகப் பேசினாள். ஆறு வருடமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை எல்லாம் ஒன்றாகச் சொல்ல வாயெடுத்தேன். "கவிதா, அந்தச் சனிக்கிழமை..."

"தெரியும்க்கா" என்றாள். தலை நிமிரவில்லை. "ஒங்க ஜன்னல்ல இருந்துதேன் வந்துச்சு. எனக்கும் மூக்கு இருக்குல்ல?"

குழாயைத் தாங்கியில் செருகினாள். கையுறையைக் கழற்றிப் போட்டாள்.

"மாடியில இருந்து எறங்கி வருவீகன்னு மாசக் கடைசி வரைக்கும் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டாள்.